சேர்த்த மைல்ஸும் கட்டிய சீட் காசும்

கொற்கையில் இப்போது கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் அது கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால் கடல் தாண்டிப் போகிறவர்கள் குறையவில்லை. ஏரல், ஆத்தூர், காயல்பட்டினம், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிள்ளையோ மருமகனோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். அவர்கள் பறக்கும்போதெல்லாம் விமானக் கம்பெனி கணக்கில் ஏற்றும் மைல்ஸ், கேட்பாரின்றிக் காலாவதியாகிறது. காசு கட்டி வாங்கிய சீட் கிடைக்காமல் போனாலும் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. இரண்டும் நம் வீட்டுப் பணம்.

1. முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம் ஊர் இனிஷியல்தான் இதில் பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக இருக்கும். மைல்ஸ் கணக்கு தொடங்கும்போது அவசரத்தில் ஓர் எழுத்தை மட்டும் போட்டிருப்போம். கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள், மைல்ஸ் ஏறாது. எங்கள் அத்தை மூன்று முறை மகன் வீட்டுக்குப் போய்வந்தும் கணக்கில் ஒன்றுமே சேரவில்லை. பாஸ்போர்ட் நகல் அனுப்பிப் பெயரைத் திருத்திய பிறகு கடைசிப் பயணத்துக்கு மட்டும் கிடைத்தது. முந்தைய இரண்டுக்கும் கெடு முடிந்திருந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே மைல்ஸ் கணக்கிலும் டிக்கெட்டிலும் போடுங்கள்.

2. ஊருக்கு வந்து சேர்ந்ததும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். விட்டுப்போன மைல்ஸைப் பின்னால் கேட்க அது வேண்டும். பல கம்பெனிகள் இதற்கு ஆறு மாதம் வரை அவகாசம் தருகின்றன.

3. காலாவதித் தேதியைத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் சேர்ந்ததிலிருந்து 36 மாதம் செல்லும். எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் மூன்று ஆண்டு நிற்கும். பிறகு உங்கள் பிறந்த மாதக் கடைசியில் கழியும்.

4. மகன் சேர்த்த மைல்ஸில் அம்மா அப்பா பயணம் செய்யலாம். கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேரை நாமினியாகச் சேர்க்க முடியும். ஸ்கைவார்ட்ஸில் குடும்பக் கணக்கு தொடங்கி எல்லாருடைய மைல்ஸையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம். சில்லறையாய் நாலு கணக்கில் கிடந்தால் எதற்கும் உதவாது.

5. வாகைக்குளத்திலிருந்து (தூத்துக்குடி விமான நிலையம்) சென்னைக்குப் போகும் டிக்கெட்டில் ஏ.டி.ஆர். விமானம் என்று இருந்தால் சீட்டுக்குத் தனிக் காசு கட்டாதீர்கள். இறக்கையில் விசிறி வைத்த அந்தச் சிறு விமானத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்றுதான் இருக்கை. நடு இருக்கையே கிடையாது. ஜன்னல் இல்லாவிட்டால் நடைபாதை ஓரம். பயணிகள் ஏறி இறங்கும் கதவும் பின்பக்கம் இருப்பதால், சீக்கிரம் இறங்கலாம் என்று முன்வரிசைக்குப் பணம் கொடுத்தவர் கடைசியில்தான் இறங்குவார். பிசினஸ் கிளாஸ் இல்லாததால் இங்கே மைல்ஸுக்கும் வேலை இல்லை. ஓடுபாதை 3,115 மீட்டருக்கு நீண்டு, புதிய முனையமும் 2025 ஜூலையில் திறந்துவிட்டது. இனி பெரிய விமானங்கள் வந்தால் இந்தக் கணக்கு மாறும்.

6. உயர்வகுப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரியுங்கள். ஆக மலிவான எகானமி டிக்கெட்டை மைல்ஸ் கொடுத்து உயர்த்தப் பல கம்பெனிகள் விடுவதில்லை. ஒரு கம்பெனி டிக்கெட் விற்று, இன்னொரு கம்பெனி விமானம் ஓட்டும் கூட்டுப் பயணங்களிலும் பெரும்பாலும் முடியாது. இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், வருஷக்கணக்கில் சேர்த்த மைல்ஸைப் பயன்படுத்த முடியாமல் நிற்கக் கூடாது.

7. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்கு மைல்ஸைச் செலவழிப்பது வீண். மூட்டுவலிக்கார அம்மா இரவெல்லாம் பறக்க வேண்டிய நீண்ட பயணத்துக்கு வையுங்கள். காலை நீட்டிப் படுத்து வந்தவர் மறுநாள் எழுந்து நடமாடுவார். மைல்ஸுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

8. வயதானவர்களுக்கு அவசரக் கதவு வரிசையில் சீட் வாங்காதீர்கள். கால் நீட்ட இடம் இருக்கும்தான். ஆனால் ஆபத்தில் கதவைத் திறக்கக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார விடுவார்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். விதி தெரிந்தும் வாங்கிய காசு திரும்பாது.

9. 12 வயது வரையுள்ள பிள்ளையை, அதே பி.என்.ஆரில் வரும் தாய், தந்தை அல்லது பொறுப்பாளர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. எல்லாருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுங்கள்.

10. சீட் காசைத் திருப்பிக் கேட்க வேண்டிய நேரங்கள் இவை. கம்பெனி விமானத்தை மாற்றி உங்களை வேறு இருக்கையில் போட்டால் கேளுங்கள். விமானத்தையே ரத்து செய்தால் டிக்கெட் பணத்தோடு சீட், சாப்பாடு, கூடுதல் லக்கேஜுக்குக் கட்டியதையும் சேர்த்துக் கேளுங்கள். மைல்ஸ் கொடுத்து உயர்வகுப்புக்குப் போனால் எகானமி சீட்டுக்கு முன்பே கட்டியது என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் தாமே திருப்புவார்கள், சிலர் கேட்டால்தான் தருவார்கள், சிலர் தரவே மாட்டார்கள். ஆகவே உயர்வகுப்பு உறுதியாகும் வரை சீட் வாங்காமல் இருப்பதே நல்லது. நாமே பயணத்தை ரத்து செய்தால் சீட் காசு பெரும்பாலும் போனதுதான். எது நடந்தாலும் மூன்றைப் பத்திரப்படுத்துங்கள்: பணம் கட்டிய ரசீது, பழைய சீட் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், புது எண்ணுள்ள போர்டிங் பாஸ். கவுன்டரில் வாயால் சொன்னதோடு விடாமல் அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

11. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வைத்திருப்பவரைக் கம்பெனி தானாக எகானமிக்கு இறக்கினால் இழப்பீடு உண்டு. 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பிலுள்ள டி.ஜி.சி.ஏ. விதிப்படி, உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் தொகையில் 75 சதவீதம் திருப்ப வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50 அல்லது 75 சதவீதம்.

12. பணம் திரும்பாது என்று அச்சிட்ட சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாவிட்டால் அதிலுள்ள அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வேண்டும். இதுவும் டி.ஜி.சி.ஏ. விதிதான். விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கும் பொருந்தும்.

13. கம்பெனி பதில் சொல்லவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் புகார் பதியுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி டெல்லியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அதற்குக் கட்டணமும் கிடையாது.