ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஸ்டீயரிங் வீல் வாங்கும்போது…

விட்டம்: முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய கார்களுக்கு 350 மி.மீ. வீல் பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். வீல் சிறிதாகும்போது கார் சட்டெனத் திரும்புவதுபோல் தோன்றும். ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால், பார்க்கிங் செய்யும்போது கைக்குப் பளு கூடும்; மீட்டர்களும் மறையலாம்.

ஆழம்: விளிம்பு ஓட்டுநரை நோக்கி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதே ஆழம். சீட்டில் முதுகு சாய்ந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு, வீல் விளிம்பின் உச்சியில் படிய வேண்டும்.

போல்ட் துளைகள்: மோமோ நிறுவன வீல்களில் 6 துளைகள் 70 மி.மீ. வட்டத்திலும், நார்டி நிறுவன வீல்களில் 74 மி.மீ. வட்டத்திலும் அமைந்திருக்கும். வீலைக் காரோடு இணைக்கும் ஹப் அடாப்டர், இரண்டுக்கும் ஒத்துப்போவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உறை: தினசரி ஓட்டத்துக்குத் தோல் உறை நல்லது. ஸ்வேட் உறை கையுறையோடு நன்றாகப் பிடிக்கும். வெறுங்கை வியர்வை பட்டால் சீக்கிரம் வழவழப்பாகிவிடும்.

ஏர்பேக்: இப்படித் தனியாக வாங்கிப் பொருத்தும் வீல்களில் பொதுவாக ஏர்பேக் கிடையாது. பழையதைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருப்பது கட்டாயம். தினமும் சாலையில் ஓடும் காரில் ஏர்பேக் உள்ள அசல் வீலை மாற்றாமல் விடுவதே பாதுகாப்பு.