கார் கேட்கும் கருவிகள்



பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதன் தகரத்தையும் எஞ்சினையும் இருக்கையையும் ஒழுங்குபடுத்தி முடித்தவர்கள் கடைசியில் தேடப் புறப்படுவது, தொழிற்சாலை அதனோடு கொடுத்தனுப்பிய டூல்ஸ் பையைத்தான். சில ஸ்பேனர்களும் ஒரு திருப்புளியும் ஒரு குறடும் அடங்கிய சிறு பை, ஒரு முழு எஞ்சினைவிட அரிதாகக் கிடைப்பது முதலில் வியப்பளிக்கலாம். ஆனால் காரணம் எளிது. எஞ்சின் காரை விட்டு எளிதில் இறங்குவதில்லை, ஸ்பேனர் இறங்கிவிடும். வழியில் நின்ற வேறொரு வண்டிக்கு இரவல் போன குறடு திரும்பி வருவதில்லை. பட்டறையில் மெக்கானிக் கையிலெடுத்த ஸ்பேனர் அவர் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. காரை விற்கும் உரிமையாளர் பையை வீட்டுக் குழாய் வேலைக்கென்று நிறுத்திக்கொள்கிறார். எஞ்சியிருக்கும் பையோ, துணியானாலும் ரெக்சினானாலும், ஈரத்தில் மக்கி, எண்ணெயில் ஊறி, தையல் விட்டுப் போகிறது. அக்காலத்தில் எவரும் அதைக் காரின் ஓர் உறுப்பாகக் கருதியதில்லை.

இத்தேடலில் மூன்று நிலைகளைப் பிரித்தறிவது முதல் வேலை. குறிப்பிட்ட ஒரு காரோடு தொழிற்சாலையிலிருந்தே வந்து, இன்றுவரை அதை விட்டுப் பிரியாதிருப்பது மூலக் கருவி. அதே காலத்தில் அதே நிறுவனம் அதே வகையில் செய்து, வேறொரு காரிலிருந்தோ கடையிலிருந்தோ வந்து சேர்ந்தது பொருத்தமான கருவி. பழையதைப் பார்த்து இன்று புதிதாகச் செய்து விற்கப்படுவது நகல். விற்பவர்கள் பலர் இம்மூன்றையும் ‘ஒரிஜினல்’ என்னும் ஒரே சொல்லால் அழைப்பதிலிருந்துதான் பெரும்பாலான ஏமாற்றங்கள் பிறக்கின்றன. ஒரு ஸ்பேனர் மூலக் கருவி என்று நிறுவ அந்தக் காரின் உரிமை வரலாறு வேண்டும், ஸ்பேனரை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. ஆகவே தேடுபவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது பொருத்தமான கருவியைத்தான், அதில் வெட்கப்பட ஏதும் இல்லை.

எதற்குப் பொருத்தம் என்ற கேள்வி அடுத்து எழுகிறது. போர்ஷே 356 என்னும் காரை எடுத்துக்கொண்டால், அது 1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்னும் சிற்றூரில் தொடங்கி, 1950 முதல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடர்ந்து, 1965 வரை சுமார் 76,000 வண்டிகளாகச் செய்யப்பட்டது. இடையில் 1955இல் ‘ஏ’, 1959இல் ‘பி’, 1963இல் ‘சி’ என்று வடிவம் மாறிக்கொண்டே வந்தது. எனவே ‘356 காரின் டூல்ஸ் பை’ என்று ஒன்று கிடையாது. 1957ஆம் ஆண்டுக் காரின் பை உண்டு, 1964ஆம் ஆண்டுக் காரின் பை உண்டு. காரோடு வந்த கையேட்டில் கருவிகளின் பட்டியல் இருக்கும். உதிரிபாகப் பட்டியல் நூலில் அவற்றின் படமும் எண்ணும் இருக்கும். இவ்விரண்டும் அந்தக் காரின் ஆண்டைச் சேர்ந்த பதிப்புகளாக இருப்பது இன்றியமையாதது. கார் எப்போது முடிந்து வெளியேறியது என்பதைத் தொழிற்சாலையின் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ்கள் போர்ஷேக்கும் உண்டு, ஜாகுவாருக்கும் உண்டு. ஆனால் பையில் இருந்த குறட்டை எந்த நிறுவனம் செய்தது என்பதை இத்தகைய ஏடுகள் பொதுவாகச் சொல்வதில்லை. அங்கே ஏடு நின்று, காரே சாட்சி சொல்லத் தொடங்குகிறது.

ஏனெனில் பையிலுள்ள ஒவ்வொரு கருவியும் அந்தக் காரில் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வைக்கப்பட்டது. 356 காரின் எஞ்சின் பின்புறம் அமர்ந்து, தண்ணீரால் அன்றிக் காற்றால் குளிர்விக்கப்படுவது. எஞ்சினின் அடிப்புறப் புல்லியிலிருந்து மேலே ஓடும் ஒரே பெல்ட்தான் டைனமோவைச் சுழற்றுகிறது. டைனமோவின் தண்டிலேயே காற்றாடியும் பொருத்தப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்தால் பேட்டரிக்கு மின்சாரம் நிற்பதோடு காற்றும் நின்றுவிடும், அதன்பின் சிறிது தூரம் ஓட்டினாலும் எஞ்சின் வெந்துபோகும். மேல் புல்லி இரண்டு பாதிகளாகப் பிரியும். பாதிகளுக்கிடையே மெல்லிய வளையத் தகடுகள் செருகப்பட்டிருக்கும். பெல்ட் தளர்ந்தால், நடுவிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வெளிப்புறத்தில் வைத்துப் புல்லியின் நட்டை மீண்டும் இறுக்க வேண்டும். பாதிகள் நெருங்குவதால் பெல்ட் பள்ளத்தில் மேலேறி விறைக்கும். ஆகவே அந்த நட்டுக்கான பெரிய ஸ்பேனர் பையில் இருந்தே தீர வேண்டும். அது இல்லாத பையை ‘முழுமையானது’ என்று விற்பவர், இந்தக் காரை ஒருமுறையும் வழியில் நிறுத்திப் பழுது பார்க்காதவராகவே இருக்க வேண்டும்.

பிளக் ஸ்பேனரும் அப்படியே. ஸ்பார்க் பிளக்குகள் எஞ்சினைச் சுற்றிய தகடுகளுக்குள் ஒடுங்கி அமர்ந்திருப்பதால், விரல் நுழையாத அந்த இடத்துக்கு நீண்ட குழாய் வடிவ ஸ்பேனரே பயன்படும். போல்ட் தலைகளும் பேசும்: 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டின் தலை, பழைய ஜெர்மானிய வண்டிகளில் 14 மில்லிமீட்டர் அகலமாக இருந்து பின்னர் 13 ஆயிற்று. கையிலிருக்கும் ஸ்பேனரின் வாய் 13 ஆகவும் காரின் போல்ட் 14 ஆகவும் இருந்தால், இரண்டில் ஒன்று இடையில் வந்து சேர்ந்தது. இதை அறிய எந்த நிபுணரும் வேண்டியதில்லை, ஸ்பேனரை எடுத்துச் சென்று காரில் மாட்டிப் பார்த்தாலே போதும்.

வேலை பொருந்திய பிறகே பெயர் பார்க்க வேண்டும். ஜெர்மானியக் கைக்கருவிகளின் தலைநகரம் என்று சொல்லத்தக்கது ரெம்ஷைட் என்னும் நகரம். கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அங்கு இருக்கிறது. 356 காரின் பைகளில் அடிக்கடி காணப்படும் ‘ஹாட்ஸெட்’ என்னும் பெயர், 1868இல் அந்நகரில் ஹெர்மன் ட்ஸெர்வெர் தொடங்கிய நிறுவனத்துக்கு உரியது; அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் ஜெர்மன் மொழியில் உச்சரிக்கும் ஒலியே அந்நிறுவனத்தின் பெயராயிற்று. கெடோரே என்பதும் ‘டோவிடாட் சகோதரர்கள், ரெம்ஷைட்’ என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். நம் ஊரில் கடைக்குப் பெயர் வைக்கும் முறை அங்கும் உண்டு போலும்.

ஸ்பேனரின் உடலில் நிறுவனப் பெயரோடு, எஃகில் குரோமியமும் வெனேடியமும் கலந்ததைச் சொல்லும் முத்திரையும், டிஐஎன் 895 போன்ற எண்ணும் இருக்கலாம். டிஐஎன் என்பது ஜெர்மானியத் தர நிர்ணய அமைப்பு; 895 என்பது இருபுறமும் வாய் திறந்த ஸ்பேனருக்கு அது விதித்த அளவுமுறையின் எண். இந்த எண்ணைக் கண்டதுமே ‘காலம் சரி’ என்று முடிவுகட்டுவோர் பலர். ஆனால் மலிவான கருவி செய்த எத்தனையோ பேர் அதே எண்ணைப் பொறித்திருக்கிறார்கள் என்பதால், அது துணைச் சான்றேயன்றி முதற்சான்று ஆகாது. ‘மேற்கு ஜெர்மனி’ என்னும் முத்திரை சற்றுக் கூடுதலாக உதவும்: அந்நாடு 1949இல் பிறந்து 1990இல் கிழக்கோடு இணைந்ததால், முத்திரையும் அந்த நாற்பத்தோரு ஆண்டுகளுக்குள் அடங்கும். வெறும் ‘ஜெர்மனி’ என்றிருப்பதோ இரு பக்கமும் திறந்த கதவு, போருக்கு முந்தியதாகவும் இருக்கலாம், சென்ற ஆண்டு செய்ததாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி ஜாக்கி. பில்ஸ்டைன் நிறுவனத்தின் பழைய ஜாக்கிகள் பலவற்றில் அவை செய்யப்பட்ட காலம் பொறிக்கப்பட்டிருக்கும். கார் 1962 மே மாதத்தில் முடிந்தது என்று பதிவு சொல்லி, ஜாக்கியில் அதே ஆண்டின் மார்ச் மாதம் இருந்தால் மகிழலாம். செப்டம்பர் இருந்தால், அந்த ஜாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தக் காருடன் தொழிற்சாலையை விட்டு வந்திருக்க முடியாது. ஜாக்கி காருக்கு முந்தியதாகவும், மிக முந்தாததாகவும் இருக்க வேண்டும். இதே ஜாக்கியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மாற்றுச் சக்கரம். அதை நாம் ஸ்டெப்னி என்கிறோம், அச்சொல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தின் ஸ்டெப்னி தெருவில் பிறந்தது என்பது கார்க்காரர்களிலும் பலர் அறியாதது.

பிரிட்டிஷ் கார்களுக்கு வந்தால் சிக்கல் வேறு வகையினது. ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் 1841இல் முன்வைத்த மரை முறையில், ஸ்பேனரின் மேல் எழுதப்படும் எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை, அது பிடிக்கும் போல்ட்டின் தடிமனைக் குறிக்கிறது. ஆகவே விட்வொர்த் கால் அங்குல ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம் இருக்கும். வாயின் அகலத்தையே எழுதும் பிந்தைய முறைக்கு ஏஎஃப் என்று பெயர். அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948இல் பொது மரை ஒன்றை ஒப்புக்கொண்டதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் கார்கள் படிப்படியாக அதற்கு மாறின. அரை அங்குல ஏஎஃப் ஸ்பேனரும் கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தினால் நட் மாட்டாது, அல்லது முனை மழுங்கிப் போகும். 1945க்கும் 1949க்கும் இடையில் வந்த எம்.ஜி. டிசி கார் இன்னும் விசித்திரமானது: அதன் எஞ்சினின் மரைகள் மில்லிமீட்டர் முறையிலும், போல்ட் தலைகள் விட்வொர்த் அளவிலும் இருந்தன. மரையைப் பார்த்து மில்லிமீட்டர் ஸ்பேனர்களை வாங்கிச் சேர்த்தவர் ஒரு நட்டையும் கழற்ற மாட்டார்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பின் பையில் சுத்தியல் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. அதன் சக்கரத்தை நடுவிலுள்ள ஒரே பெரிய நட் பிடித்திருக்கும். நட்டுக்கு இரண்டு செவிகள் உண்டு, அவற்றைத் தட்டித்தான் கழற்ற வேண்டும். இரும்புச் சுத்தியல் குரோமிய முலாமைச் சிதைக்கும் என்பதால் ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் தோலும் பொருத்திய சுத்தியல் அதற்கு உரியது. 1968 முதல் அமெரிக்காவில் பாதுகாப்பு விதியால் செவியுள்ள நட்டுகள் விலக்கப்பட்டன. அங்கு சென்ற கார்களில் செவியற்ற நட்டும், அதன் மேல் கவ்வி வைத்துத் தட்டுவதற்கான துணைக் கருவியும் வேண்டியதாயிற்று. ஒரே ஆண்டின் ஒரே மாதிரிக் காராயினும் லண்டனில் விற்றதற்கும் நியூயார்க்கில் விற்றதற்கும் பை வேறுபடும்.

புதிதாகத் தேடுபவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஹாட்ஸெட் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் ஸ்டெப்னிக்குள் அடங்கும்படி வட்டமான தகரப் பெட்டியில் அடுக்கிய கருவித் தொகுதி ஒன்றை விற்றது. பார்க்க மிக அழகானது, விலையும் அதற்கேற்றது. ஆனால் அது தனியாக வாங்கிக்கொள்ளும் துணைப்பொருள். தொழிற்சாலை காரோடு இலவசமாகக் கொடுத்த பை அன்று. இரண்டையும் குழப்பி, வட்டப் பெட்டியை வைத்துவிட்டுப் பை சேர்ந்துவிட்டதாக எண்ணுவோர் ஏராளம்.

நகலைக் கண்டறியப் பக்கவாட்டு வெளிச்சம் ஒன்றே போதிய கருவி. அச்சில் வைத்து அடித்துச் செய்த பழைய ஸ்பேனரின் எழுத்துகள் அச்சிலேயே புடைத்து எழுந்தவை; அவற்றின் ஓரங்கள் கூர்மையாகவும், ஸ்பேனரின் விளிம்பில் இரண்டு அச்சுகள் சந்தித்த மெல்லிய கோடு தேய்த்து மட்டமாக்கப்பட்டதாகவும் இருக்கும். பழைய ஸ்பேனரையே மாதிரியாக வைத்து உருக்கி ஊற்றிய நகலில் எழுத்தின் ஓரம் உருண்டு, இடைவெளிகளில் மணல் தெளித்தாற்போன்ற பொரிகள் தெரியும். மிகையான பளபளப்பும் ஐயத்துக்குரியது. இக்கருவிகள் அவசரத்துக்கென்று செய்யப்பட்டவை, கண்காட்சிக்கென்று செய்யப்பட்டவையல்ல. முலாம் புதுப்பித்துக் கண்ணாடிபோல் ஆக்கிய ஸ்பேனரில் முத்திரைகள் பாதி அழிந்திருக்கும், இழந்த பாதி திரும்ப வராது. பை மட்டும் நகலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், அதை நகலென்றே சொல்லும்வரை.

தேடும் இடங்கள் பல. இங்கிலாந்தின் பியூலியில் 1967 முதல் நடைபெறும் பழைய உதிரிபாகச் சந்தை, ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து வெடராமா, அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் இலையுதிர் காலத்தில் கூடும் பெருஞ்சந்தை ஆகியவை புகழ்பெற்றவை. ஆனால் போர்ஷே என்று எழுதிய மேசையில் ஸ்பேனர் வாங்குவது, கோயில் வாசலில் தேங்காய் வாங்குவதைப் போன்றது. கருவி செய்த நிறுவனங்கள் போர்ஷேக்கென்று மட்டும் செய்யவில்லை. அதே முத்திரை, அதே அளவு, அதே காலத்து ஸ்பேனர் பழைய பண்ணைக் கருவிகளோடு கலந்து, எந்தக் காரின் பெயரும் இன்றி, ஓரத்து மேசையின் அடிப்பெட்டியில் கிடக்கும். எதைத் தேடுகிறோம் என்று துல்லியமாக அறிந்தவருக்கே அந்தப் பெட்டி பயன்படும் என்பதால், சந்தைக்குச் செல்லுமுன் கருவிகளின் பெயர், அளவு, முத்திரை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது.

கிடைத்ததை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, உலர்த்தி, மெழுகு தடவி வைத்தால் போதும். சுழலும் கம்பித் தூரிகை முத்திரையைத் தின்றுவிடும். எந்தக் கருவி எப்போது, எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சிறு தாளில் குறித்துப் பைக்குள்ளேயே செருக வேண்டும். இன்னும் கிடைக்காத ஸ்பேனரின் அறையில் அளவொத்த வேறொன்றைச் செருகி நிரப்புவதைவிட, அதன் பெயரை எழுதிய சீட்டு ஒன்றை வைத்து அந்த அறையைக் காலியாக விடுவதே முறை.