உடந்தையாளி சாட்சியம்

ஐயனார் சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்ய நம் கீழ்புத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தார் அஞ்சுவர். நீதிமன்றத்திலோ தெய்வபயம் ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் இயலாது. அதிலும், குற்றத்தில் தானும் பங்குகொண்டு, பின்னர் மன்னிப்புப் பெற்று, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி கூறும் 'அப்ரூவர்' என்பானது சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது நீதிபதிகளைப் பன்னெடுங்காலமாக வருத்திவரும் வினாவாகும்.

அவனை நம்புதற்கும் காரணம் உண்டு. ஐயுறுதற்கும் காரணம் உண்டு. இரகசியச் சதியை அதன் உள்ளிருந்தவனன்றி வேறு யார் அறிவார்? ஆயினும், தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் ஆசையால், உண்மையான நிகழ்ச்சியைக் கூறிக்கொண்டே அதனிடையே நிரபராதி ஒருவன் பெயரை நுழைத்துவிடுதல் அவனுக்கு மிக எளிது.

1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுடப்பட்டு மாண்டார். வாஞ்சியும் அங்கேயே தற்கொலை செய்துகொண்டான். பின்னர் நீலகண்ட பிரம்மசாரி முதலிய 14 பேர்மீது சென்னை ஹைக்கோர்ட்டில் சதி வழக்கு நடந்தது. ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இருவர் அப்ரூவர்களாயினர். நீலகண்டருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. விசாரித்த மூன்று நீதிபதிகளுள் சங்கரன் நாயர் மற்றவரினின்றும் மாறுபட்டார். அப்ரூவர் கூற்றுக்கு எத்தகைய ஆதரவு வேண்டும் என்ற பிரச்சினை 1912-ல் மேல்விசாரணையிலும் எழுந்தது.

இங்கே இரண்டு விதிகளை மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும். குற்றம் நடந்தது என்பதற்கு மட்டும் ஆதரவு இருந்தாற் போதாது. குறித்த எதிரி அதில் ஈடுபட்டான் என்பதற்கும் வேறு ஆதரவு வேண்டும். மேலும், ஓர் அப்ரூவரின் சொல்லுக்கு இன்னோர் அப்ரூவரின் சொல் பொதுவாக ஆதரவாகாது. உப்பு விற்பவன் சொன்ன எடையை அவன் தராசிலேயே மீண்டும் நிறுத்துப் பார்ப்பதால் பயன் யாது? வேறு தராசு வேண்டுமன்றோ?

காந்தியடிகள் கொலை வழக்கு இதனை நன்கு விளக்கும். அப்ரூவர் திகம்பர் பட்கேயின் சாட்சியத்தை நீதிபதி ஆத்மசரண் பெரிதும் நம்பினார். எனினும், சாவர்க்கர் விஷயத்தில் அச்சாட்சியத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளுதல் தகாதெனக் கருதி, 1949 பிப்ரவரி 10-ந் தேதி அவரை விடுதலை செய்தார்.

1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 133-ம் பிரிவில், ஆதரவற்ற உடந்தையாளி சாட்சியத்தின்மேல் தண்டித்தாலும் சட்டவிரோதமன்று என்றது. 114-ம் பிரிவின் உதாரணமோ, ஆதரவில்லாதவிடத்து அவன் நம்பத்தகாதவன் என ஊகிக்கலாம் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 138-ம் பிரிவில், 'ஆதரவு பெற்ற' சாட்சியம் என்றே கூறுகின்றது. முன்பு நீதிபதிகள் விவேகத்தாற் கைக்கொண்ட எச்சரிக்கை இப்போது சட்டத்தின் சொல்லிலேயே இடம் பெற்றுள்ளது.

குற்றவாளி ஒருவன் தப்புதல் சமூகத்திற்கு நஷ்டமே. ஆயினும், பிறன் தப்புவதற்காகச் சொன்ன பொய்யால் நிரபராதி சிறை புகுதல் அதனினும் கொடிது. ஆகவே, பிடிபட்டவன் ஒரு பெயரைச் சொன்னவுடன் அதை மெய்யென்று கொள்ளாது, வேறு ஆதாரம் யாது என்று வினவும் வழக்கத்தை நாம் இளமையிலேயே கைக்கொள்வோமாக.