மணமுறிவும் சமரச வழியும்

கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று முடிவாகிவிட்ட பின்னர், எவ்வாறு பிரிவது என்னும் வினா எழுகின்றது. நம் இல்லங்களில் இதனை வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாமலே வக்கீலிடம் சென்றுவிடுகின்றோம். ஆதலின் இம்முறை அதனையே பாடமாகக் கொள்வோம்.

முதற்கண் சட்டநிலை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும் என அதன் 2ஆம் பிரிவு கூறுகின்றது. நம் சமூகம் 2014இல் சிறுபான்மையாக அறிவிக்கப்பட்டதைக் காரணங்காட்டி, 2025இல் இந்தூர்க் குடும்பநல நீதிமன்றம் சமணத் தம்பதியரின் மனுக்களை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அம்முடிவு தவறென்று விலக்கியது. எனவே ஐயம் வேண்டா.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி வழக்கிடுவோர், கொடுமை, கைவிடல் போன்ற குற்றங்களை மற்றவர்மீது சாட்டி மெய்ப்பித்தல் வேண்டும். 1976இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவோ வேறு வகையினது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்கின்றோம், சேர்ந்து வாழ இயலவில்லை, பிரிய இசைந்தோம் என்று இருவரும் ஒருங்கே மனு அளித்தல் போதும். யார்மீது குற்றம் என்று எழுத வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு சிறிதன்று. குற்றம் சாட்டும் மனுவில் அறைக்குள் நடந்தவை எல்லாம் எழுத்தாகின்றன. எதிருரை அதனினும் கடுமையாக வருகின்றது. சொற்கள் வக்கீலுடையவை, கையொப்பமோ தாயுடையது, தந்தையுடையது. நான் ஆறாம் வகுப்பு நடத்திய காலத்தில் ஒரு சிறுவன் வாய்தா நாள்தோறும் விடுப்பு எடுப்பான். ஒருநாள், "அப்பா கெட்டவர்னு சொல்லணுமாம், டீச்சர்" என்றான். மறுமொழி தோன்றாமல், கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

இசைவு தானாக வாராது. அதனை உருவாக்குமிடம் சமரச மையம். 2005இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் இத்தகைய மையம் தொடங்கப்பட்டது. பின்னர் மாவட்டங்களிலும் அமைந்தன. வழக்கு நடக்கையில் நீதிமன்றமே அங்கு அனுப்பும். வழக்கிற்கு முன்னரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கேட்பார். அங்குப் பேசியதை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவியலாது. "பொறுத்துப் போ, அம்மா" என்று பெண்ணை மட்டும் பணிக்கும் ஊர்ப் பஞ்சாயத்துடன் இதனை ஒன்றாக எண்ணற்க. உடன்பாடு எட்டாவிடின் வழக்கு மீண்டும் நீதிமன்றத்திற்கே செல்லும்.

சீவனாம்சம், நகை, பள்ளிக் கட்டணம், கோடை விடுமுறையில் பிள்ளை யாரிடம், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் சொல்வது என்பன வரை அங்கே பேசி எழுதலாம். இவை முன்னரே தீர்ந்திருப்பது காத்திருப்பையும் குறைக்கக்கூடும்: 13-பி பிரிவின் ஆறு மாதக் காலத்தைத் தக்க நிலையில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியுள்ளது.

அடியுதைக்கு அஞ்சி வாழும் பெண்ணிற்கு இவ்வழியை முதலில் காட்டலாகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவள் முதற்கண் பாதுகாப்புப் பெறட்டும். எவர் வற்புறுத்தினும் கையொப்பமிட வேண்டா. இட்டுவிட்டாலும் 13-பி மனுவில் தீர்ப்பாகும் வரை இசைவைத் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

முதல் அமர்வுக்குச் செல்வோர் நகைப் பட்டியலையும் பிள்ளையின் பள்ளி நாட்காட்டியையும் உடன் கொண்டு செல்க. முன்னதை எவரும் மறப்பதில்லை.