புதிய நடனத்துக்கு ஒரு மாலை: செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் நடத்த முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்துவிட்டால் மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா களைகட்டிவிடும். திறந்தவெளி மேடை, பக்கத்திலேயே கடல், பல்லவர் கற்கோயில். பரதம், குச்சிப்புடி, கதக், ஒடிசி என்று நாளுக்கொன்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்து வருடம் பரதம் கற்ற ஒரு பெண், அரைமண்டியை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டும் கதையும் இல்லாமல் கால் மணி நேரம் ஏதோ செய்து பார்க்க வேண்டும் என்று வந்தால், அவளுக்கு அந்த மேடையில் இடமில்லை. சென்னை சபாக்களும் அவளுக்குத் தேதி கொடுக்கப் பெரும்பாலும் யோசிக்கும். அவளைப் போல இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே மாலையில் அவர்களுடைய புதிய படைப்புகளை மக்கள் முன் வைப்பது எப்படி? சின்ன நடனக் குழுவோ, கல்லூரி நுண்கலை மன்றமோ, ஊர் இளைஞர்களோ யார் வேண்டுமானாலும் செய்யலாம். முன்அனுபவம் தேவையில்லை, பொறுமை தேவை.

படி 1: எந்த மரபில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘சமகால நடனம் நமக்கு எதற்கு, அது வெள்ளைக்காரன் சமாச்சாரம்’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதில் கையில் இருக்கட்டும். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்ற சந்திரலேகா, பல ஆண்டுகள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்துவிட்டு, 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பினார். பரதத்தோடு களரிப்பயட்டும் யோகாவும் ஒரே மேடையில் வந்தன. நகையும் புராணக் கதையும் போயின. 2001இல் ‘சரீரா’ வரை அவர் செய்தவை பெரும்பாலும் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய அவருடைய ‘ஸ்பேசஸ்’ வளாகத்தில் உருவானவை. 2006 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் தனியே ஒரு பாதை போட்டுக்கொண்டார். குதிப்பது என்ற ஒரே செயலை வைத்து ஒரு முழுப் படைப்பையே கட்டினார் ப்ரீத்தி ஆத்ரேயா. இவர்கள் இருவரும் இடம்பெற்ற ‘பேஸ்மென்ட் 21’ குழு சென்னையில் ‘மார்ச் டான்ஸ்’ என்ற விழாவை நடத்தியிருக்கிறது. ஆக, இது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்நியமான சரக்கு அல்ல.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் ஒன்று போதும். 1962 ஜூலை 6ஆம் தேதி, நியூயார்க்கில் ஜட்சன் நினைவு தேவாலயத்தில், ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்த இளைஞர்கள் தாங்கள் செய்தவற்றை இலவசமாகக் காட்டினார்கள். நல்ல கோடைப் புழுக்கத்தில் நிகழ்ச்சி மணிக்கணக்காக ஓடியது. நவீன நடனத்தின் வரலாறு இன்றுவரை அந்த மாலையைச் சொல்லாமல் நகர்வதில்லை. பெரிய அரங்கு இல்லாமலேயே அது நடந்தது.

படி 2: மூன்று படைப்புகள், அதற்கு மேல் வேண்டாம்

லண்டனில் ‘தி ப்ளேஸ்’ அரங்கம் வளரும் நடன அமைப்பாளர்களுக்காக நடத்தும் ‘ரெசல்யூஷன்’ விழாவில் ஒரு மாலைக்கு மூன்று படைப்புகள் என்பது வழக்கம். அந்தக் கணக்கையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். படைப்புக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம், நடுவில் ஒரு இடைவேளை. ஐந்து ஆறு என்று சேர்த்தால் ஆண்டுவிழா ஆகிவிடும்; நான்காவதில் பார்ப்பவர் கண் கைப்பேசிக்குப் போய்விடும்.

விண்ணப்பத்தில் இரண்டே கேளுங்கள்: ஒரு பக்கத்தில் ‘இதில் எதைத் தேடுகிறேன்’ என்ற குறிப்பு, வெட்டு ஒட்டு இல்லாமல் கைப்பேசியில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ. எடிட் செய்த வீடியோவில் எடிட்டர்தான் நடன அமைப்பாளர், அதை நம்பாதீர்கள். அரங்கேற்றப் புகைப்படம், பட்டப் பட்டியல் எதுவும் வேண்டாம். சென்னையின் ப்ரக்ருதி ஃபவுண்டேஷன் வளரும் நடன அமைப்பாளர்களுக்காக 2012இல் தொடங்கிய சமகால நடன விருது, டெல்லியில் கதி டான்ஸ் ஃபோரம் நடத்திய கோடைக்கால உறைவிடப் பயிற்சி, பெங்களூரு ஆட்டக்களரியின் ஈராண்டு விழாக்கள் இவற்றைப் பற்றித் தேடிப் படியுங்கள். முடிந்த படைப்பைவிட முயற்சிக்கு மதிப்புக் கொடுப்பது எப்படி என்று அங்கே தெரியும்.

மூவரில் ஒருவராவது இந்த மாவட்டத்துக்காரராக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். பறையாட்டம் ஆடுகிறவர், கூத்தில் வேடம் கட்டுகிறவர், சிலம்பம் சொல்லித்தருகிறவர் என இங்கே உடலை வைத்து யோசிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களை ‘நாட்டுப்புற இடைச்செருகலாக’க் கூப்பிடாதீர்கள். அவர்களும் புதிதாக ஒன்று செய்து காட்ட வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரம், அதே பணம்.

படி 3: கோயிலைப் பின்னணியாக வைக்காதீர்கள்

மாமல்லபுரம் என்றதும் எல்லோர் மனதிலும் கடற்கரைக் கோயில்தான் வரும். சட்டப்படி பார்த்தால், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம், 1984இலிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே நிகழ்ச்சி நடத்த முடியாது. கலையாகப் பார்த்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். எட்டாம் நூற்றாண்டுக் கல்லுக்கு முன்னால் யார் கையைத் தூக்கினாலும் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகு ஆடுகிறவர் சம்பாதித்தது அல்ல. புதிய படைப்பு நிற்கிறதா விழுகிறதா என்று தெரிய வேண்டுமானால் பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும்.

கடற்கரை மணலும் சரிப்படாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன; ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளியே வந்து வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். உங்கள் மேடை விளக்கைக் கடல் என்று நினைத்து அவை சாலைக்கு ஏறிவிடும்.

அப்படியானால் எங்கே? முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா, கலை நிகழ்ச்சிகளுக்குப் பழகிய இடம், கேட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட உள்ளரங்கு கிடைத்தால் நல்லது. ஆனால் நான் முதலில் போய் நிற்பது கல்யாண மண்டபத்தில்தான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர் எங்கும் மண்டபங்கள் இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் அவை காலியாகக் கிடக்கும், வாடகை பேசலாம். மார்கழியில் ஆட்டக்காரர்கள், பார்வையாளர்கள் எல்லோரையும் சென்னை சீசன் இழுத்துக்கொண்டுவிடும் என்பதால் ஆடிதான் உத்தமம். மண்டபத்து மேடையை மறந்துவிடுங்கள். அது மணமக்கள் உட்காரும் உயரம், ஆடுகிறவர் பாதம் முன்வரிசைக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கூடத்தையோ கீழ்த் தரையையோ எடுத்து, மூன்று பக்கமும் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். தெருக்கூத்துக் களரியும் அப்படித்தான் இருக்கிறது, நம் ஊர்க் கண்ணுக்கு அது பழக்கம்.

படி 4: தரை, தரை, மறுபடியும் தரை

பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதைத் தரையில் போடுங்கள். விளக்கு சுமாராக இருந்தால் படைப்பு மங்கும்; தரை சுமாராக இருந்தால் முழங்கால் போகும்.

மண்டபத் தரை பளபளவென்று பாலிஷ் போட்ட கிரானைட்டாகவோ டைல்ஸாகவோ இருக்கும். அடியில் காங்கிரீட். அதற்குக் கொடுத்து வாங்கும் குணம் கிடையாது. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முன்கால் எலும்புக்கும் ஏறும். வெறுங்காலோடு நின்று பத்து முறை குதித்துப் பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

செலவு குறைந்த தீர்வு இது. கீழே கனமான ஃபோம் துண்டுகள், அதன்மேல் இரண்டு அடுக்கு ப்ளைவுட். மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி மாற்றிப் போட்டுத் திருகுங்கள். திருகின் தலை ஒரு நூல்கூட வெளியே நீட்டக்கூடாது. உள்ளங்கையால் முழுத் தரையையும் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பவேண்டாம். அதன்மேல் நடனத்துக்கென்றே வரும் வினைல் விரிப்பு, ஆட்டக்காரர்கள் ‘மார்லி’ என்பார்கள். வாங்க முடியாவிட்டால் சென்னையில் அரங்க ஏற்பாட்டாளர்களிடம் வாடகைக்கு விசாரியுங்கள். சுருளைப் பிரித்த உடனே ஒட்டாதீர்கள். முதல் நாளே விரித்து, தானாகப் படியவிட்டு, மறுநாள் இணைப்புகளின்மேல் டேப் ஒட்டுங்கள். அவசரப்பட்டால் நடுவில் அலை எழும்பும், யாராவது தடுக்கி விழுவார்கள்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பொழுது சாய்ந்ததும் ஈரக்காற்று உள்ளே வந்து வினைல்மேல் கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பாகப் படியும். காலையில் நன்றாகச் சுழன்ற கால் மாலையில் ஒட்டிக்கொள்ளும், சுழற்சி பாதியில் நின்று முழங்கால் மட்டும் திரும்பும். எனவே ஒத்திகை காட்சி நேரத்திலேயே நடக்கட்டும். துடைக்கத் தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணி போதும். சோப்புத்தூள், ஃபினாயில் கூடாது. பவுடர் தூவலாமா என்று யாராவது கேட்டால் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 5: காட்சிக்கு முன்பே ஒருமுறை காட்டுங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேரை அழைத்து முடியாத படைப்பைக் காட்டச் சொல்லுங்கள். கூட்டம் கலவையாக இருக்கட்டும்: ஒரு நட்டுவனார், ஒரு சிற்பக் கல்லூரி மாணவர், மண்டபத்து வாட்ச்மேன், பக்கத்து வீட்டு அத்தை.

பார்த்தபின் பேசுவதற்கு ஒரு முறை வேண்டும், இல்லாவிட்டால் முதலில் வாயைத் திறப்பவர் கருத்தே தீர்ப்பாகிவிடும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நான்கு கட்டம். முதலில், பார்த்தவர்கள் தங்களுக்கு மனதில் நின்றது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் தனக்குள்ள சந்தேகத்தைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் கருத்து ஒளிந்திராத கேள்வி கேட்கலாம். ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது கேள்வி வேடம் போட்ட புகார். ‘எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று எப்படி முடிவெடுத்தாய்?’ என்பது கேள்வி. கடைசியில், ‘எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?’ என்று கேட்டு, படைத்தவர் சரி என்றால் மட்டுமே கருத்து.

பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். குருவுக்கு முன்னால் நின்று அடி வாங்கிக் கற்ற கலையில் இப்படி அனுமதி கேட்பதா என்று. ஆனால் கருத்து ஒளிந்திராத கேள்வி கேட்பதில் அத்தைகள்தான் கெட்டி. ‘ஏம்மா, அந்த மூலைக்குப் போறப்பல்லாம் திரும்பிக்கிற, அங்க யாரு இருக்கா?’ என்று ஒருவர் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரத்துக்கு வேலை கிடைத்துவிடும்.

படி 6: ஒளியும் ஒலியும்

முன்னாலிருந்து அடிக்கும் விளக்கு முகத்தைக் காட்டும், உடலைத் தட்டையாக்கும். நடனத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் உயிர். ஆறு எல்இடி பார் விளக்கு, பக்கத்துக்கு மூன்றாக, இடுப்பு உயரத்திலும் கணுக்கால் உயரத்திலும் ஸ்டாண்டில் வையுங்கள். வண்ணக் காகிதம் எதுவும் வேண்டாம். மண்டபத்து சீரியல் பல்பு, ஒளிரும் பெயர்ப்பலகை எல்லாவற்றின் ஸ்விட்சும் எங்கே என்று முன்கூட்டியே எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வையுங்கள்.

ஜெனரேட்டர் கட்டாயம் வேண்டும். மாலையில் காற்று கடலிலிருந்து அடிப்பதால் அதை மண்டபத்துக்கு மேற்கே நிறுத்தினால் இரைச்சல் ஊர்ப் பக்கம் போய்விடும். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. பதிவான சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமம், கட்டணம் என்று கிளம்பும். பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கும் ஒரு பையன் இருப்பான். அவனையே புதிதாக ஒன்று செய்யச் சொல்வது எல்லா விதத்திலும் மேல்.

படி 7: பணம்

ஆடுகிறவரிடம் பணம் வாங்கிக்கொண்டு மேடை கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். தொகை சிறியதாக இருந்தாலும் படைத்தவர், ஆடியவர், வாசித்தவர் எல்லோருக்கும் ஒத்திகை நாட்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். எவ்வளவு என்று முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். டிக்கெட் வையுங்கள், நூறு ரூபாயானாலும் சரி. இலவசம் என்றால் பாதிப் பேர் வருவதாகச் சொல்லிவிட்டு வரமாட்டார்கள். உள்ளூர் நகைக்கடை, ரிசார்ட் விளம்பரம் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஃப்ளெக்ஸ் வாசலோடு நிற்கட்டும்.

படி 8: அன்றைய மாலை

ஆறரைக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடியுங்கள். சென்னைக்குத் திரும்புகிறவருக்குச் செங்கல்பட்டில் மின்சார ரயில், மாமல்லபுரத்தில் பேருந்து, இரண்டின் கடைசி நேரத்தையும் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை ஒன்றும் வேண்டாம். மண்டபக்காரர் மனம் வருந்துவார் என்றால் இடைவேளையில் அவருக்கு ஒரு துண்டு போர்த்திவிடலாம். படைப்பின் ‘கருத்தை’ மைக்கில் விளக்கும் அறிவிப்பாளரும் வேண்டாம்; பெயரும் நேரமும் சொன்னால் போதும். மிகவும் அமைதியான படைப்பை முதலில் வையுங்கள், பார்ப்பவர் காது புதிதாக இருக்கும்போதே. கூட்டத்தைக் கிளப்பும் படைப்பு கடைசியில்.

‘ஒன்றும் புரியவில்லை’ என்று யாராவது சொல்வார்கள். விளக்கப் போகாதீர்கள். எந்த இடம் ஞாபகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சொல்ல ஏதாவது இருக்கும்.

படி 9: மறுநாள்

ஒரே கேமராவை அசையாமல் வைத்து முழுப் படைப்பையும் பதிவு செய்திருப்பீர்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அவர்களுக்கு அதுதான் தேவை, எனவே அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். புதிய படைப்பு இரண்டாவது காட்சியில்தான் தன் உருவத்துக்கு வரும், நம் ஊரில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது காட்சியே கிடைப்பதில்லை. அதனால் முதல் காட்சிக்கு மண்டபம் பேசும்போதே, மதுராந்தகத்திலோ அச்சிறுபாக்கத்திலோ இரண்டாவதுக்கும் தேதி வாங்கி முன்பணம் கட்டிவிடுங்கள்.