வேர் பிடித்த பின்பே உரம்



சென்ற ஆண்டு ஆறு செம்பருத்திக் குச்சிகளைத் தொட்டியில் நட்டேன். விரைவில் தழைக்கட்டும் என்று மண்ணில் ஒரு கைப்பிடி யூரியாவும் கலந்தேன். சில நாட்களில் ஆறும் அடி கறுத்து மடிந்தன. காரணம் என்ன?

வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை. வேர் உண்டாகும் வரை அது தன் தண்டில் சேமித்த உணவைக் கொண்டே வாழ்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. அதை உண்ணக் குச்சிக்கு வாய் இல்லையே! மேலும், மண்நீரில் உரம் மிகுந்தால், சவ்வூடு பரவலால் குச்சியிலுள்ள நீர் வெளியேறிவிடும். மக்காத சாணமோ சூடேறி வெட்டுவாயை அழுகச் செய்யும்.

ஆகவே, முதலில் 2 பங்கு ஆற்று மணலும் 1 பங்கு செம்மண்ணும் போதும். 15 செ.மீ. நீளக் குச்சியின் இரு கணுக்களாவது மண்ணுள் இருக்கட்டும். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காக்க வேண்டும். தளிரை மட்டும் கண்டு ஏமாறாதீர்கள். வேரின்றியும் தளிர் வரும். சில வாரங்கள் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது. அதன்பின் செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்த தொட்டிக்கு மாற்றலாம்.

இவ்வாண்டு நட்ட ஆறில் ஐந்து வேர் பிடித்துள்ளன. அன்போடு கொடுத்தால் மட்டும் போதாது. காலம் அறிந்தும் கொடுக்க வேண்டும் என்று அக்குச்சிகள் எனக்குக் கற்பித்தன.