விருதுக்கு விண்ணப்பிக்கப் பத்திரிகைச் செய்திகள் போதுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். எங்கள் ரத்ததானப் பிரசாரத்தை விருதுப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் வந்த செய்திகளைத் தொகுத்து அனுப்பினால் போதுமா?
- வாசகி, மதுரை

பதில்: போதாது. அவை இணைப்பில் இருக்கட்டும். நடுவர்கள் முதலில் படிப்பது உங்கள் சுருக்க அறிக்கையைத்தான். அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்தின் ‘சில்வர் ஆன்வில்’ விருதுக்கு ஆய்வு, திட்டமிடல், செயலாக்கம், மதிப்பீடு என நான்கு தலைப்புகள். எந்தப் போட்டிக்கும் இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்.

பலர் சறுக்குவது இலக்கில். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் அதை எப்படி அளப்பது? ‘முதன்முறை ரத்தம் கொடுப்போரை ஆறு மாதத்தில் 200-லிருந்து 300 ஆக்குவது’ என்றால் அளக்கலாம். ஆனால், பிரசாரத்துக்கு முன்பே வகுத்த இலக்கை மட்டும் எழுதுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு இலக்கை ஜோடிக்காதீர்கள்.

வெளியான செய்தியின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘இத்தனை லட்சம் மதிப்பு’ என்று காட்டும் பழக்கத்தையும் விடுங்கள். மக்கள் தொடர்புப் பணியின் பலனை அளப்பதற்காக 2010-இல் வகுக்கப்பட்ட பார்சிலோனா கோட்பாடுகளே அதை நிராகரித்துவிட்டன. எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள், எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள் என்று சொல்லுங்கள்.

செலவை மறைக்காதீர்கள், குறைந்த செலவில் கிடைத்த பலன் உங்களுக்குச் சாதகமே. நோயாளிகளின் படம், பெயர் இருந்தால் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். கடைசியாக, மருத்துவமனைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் அறிக்கையைப் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் புரியாத வரி நடுவருக்கும் புரியாது.